நுரையீரல் புற்றுநோய்: இலக்குசார் சிகிச்சையும் மரபணு சிகிச்சையும் – எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்வு வழியே ஒரு விளக்கம்

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கோ நுரையீரல் புற்றுநோய் இருப்பதாக மருத்துவர் தெரிவித்திருக்கலாம். கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் அவர் கூறியிருக்கலாம். அதே வேளையில், மரபணு சிகிச்சை செய்தால் நோய் முற்றிலும் நீங்கிவிடும் என்று உறவினர் ஒருவரோ, கைப்பேசியில் வந்த ஒரு விளம்பரமோ உங்களிடம் சொல்லியிருக்கவும் கூடும். மரபணுப் பரிசோதனை, இலக்குசார் சிகிச்சை, மரபணு சிகிச்சை ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. அவற்றை ஒன்றெனக் கருதினால் பணமும் காலமும் வீணாகும். நுரையீரல் புற்றுநோயில் காலம் விலைமதிப்பற்றது.

இவ்வேறுபாட்டை, சென்னையில் மருத்துவம் பயின்ற ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்க்கை வழியாக இப்பக்கம் விளக்குகிறது. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். புற்றுநோய் உயிரணு வளர்வதற்கு எது தேவையோ அதனைக் கண்டறிந்து தடுக்கும் சிகிச்சை முறையின் தொடக்கக் காலத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் மறுமுனையில்

நீங்கள் திருவேற்காட்டில் வசிப்பவராயின், வேலப்பன்சாவடிக்கு வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால், சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையை அடைவீர்கள். அதனுடன் இணைந்ததே சென்னை மருத்துவக் கல்லூரி. இன்று நோயாளிகள் பரிந்துரைச் சீட்டுடன் வந்து இறங்கும் இவ்விடத்திற்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மாணவராக வந்தவர் சுப்பாராவ்.

அவர் 1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். குடும்பம் வறுமையில் இருந்தது. தந்தை இறந்த பின்னர், தாயார் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார். சுப்பாராவ் பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறினார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறையில் தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று, மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியைத் துறந்த அவர், அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதராடை அணிந்தார். இது ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்குக் காரணமாயிற்று. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியிருந்தும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்கு வழங்கப்பட்டது. அரசு மருத்துவப் பணியில் சேரும் முயற்சி கைகூடவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இரு சகோதரர்களின் மறைவு

அவ்வாண்டுகளில் அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். காரணம், வெப்பமண்டல ஸ்ப்ரூ எனப்படும் குடல் நோய். உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், தொடர் வயிற்றுப்போக்கும் கடும் இரத்தசோகையும் ஏற்பட்டு நோயாளி மெலிந்து இறப்பார். அதற்கு உரிய மருந்து அன்று எவரிடமும் இல்லை.

நோயாளியின் அருகில் அமர்ந்து, செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையை அனுபவித்தவர்களுக்கு அவரது மனநிலை எளிதில் விளங்கும். சுப்பாராவ் அதன் பின்னர், நோய்களுக்கு மருந்து காணும் ஆராய்ச்சியையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார். மாமனாரும் அறக்கட்டளை ஒன்றும் அளித்த பொருளுதவியுடன் 1922-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மனைவியைத் தாயகத்தில் விட்டுச் சென்ற அவர், பின்னர் திரும்பி வரவேயில்லை. அவர் சென்ற பின்பு பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். தந்தை அவனைக் கண்டதில்லை.

பாஸ்டனில் இரவுப் பணி

சுப்பாராவ் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அவரிடமிருந்த சான்றிதழைக் கொண்டு அங்கு மருத்துவராகப் பணிபுரிய இயலவில்லை. ஆகவே மருத்துவமனை ஒன்றில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்து, நோயாளிகளின் கழிகலங்களைத் தூய்மை செய்து செலவுக்குப் பொருள் ஈட்டினார்.

பின்னர் சைரஸ் ஃபிஸ்கே என்னும் ஆராய்ச்சியாளருடன் இணைந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் கணக்கிடும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். அது இன்றும் இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. தசைகள் இயங்குவதற்குரிய ஆற்றலைத் தாங்கும் இரு பொருள்களை அவர்கள் அடுத்தடுத்துக் கண்டறிந்தனர்: 1927-இல் பாஸ்போகிரியேட்டின், 1929-இல் ஏ.டி.பி. அடுத்த ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்திலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார்.

ஃபோலிக் அமிலம்

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் மாத்திரையில் இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலமும் உள்ளது. அதன் வரலாறு மும்பையில் தொடங்குகிறது. அங்குள்ள பெண்களிடம் காணப்பட்ட ஒருவகை இரத்தசோகை, ஈஸ்ட் சாற்றினால் நீங்குவதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1931-இல் எடுத்துரைத்தார். அச்சாற்றில் இருந்த சத்தைத் தூய வடிவில் பிரித்து, ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப் பல குழுக்கள் முயன்றன. சுப்பாராவின் தலைமையிலான குழு 1945-ஆம் ஆண்டு அதில் வெற்றி கண்டது.

அவருடைய சகோதரர்களைக் கொண்டுசென்ற ஸ்ப்ரூ நோய்க்கு ஃபோலிக் அமிலம் பயனளிக்கும் மருந்தாயிற்று. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் காலங்கடந்து கிடைத்த மருந்து அது.

உடலில் புதிய உயிரணு ஒன்று உருவாக வேண்டுமெனில், பழைய உயிரணு தன் மரபுப் பொருளான டி.என்.ஏ.வைப் படியெடுத்து இரண்டாகப் பிரிய வேண்டும். டி.என்.ஏ.வின் மூலக்கூறுகளை ஆக்குவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. வேகமாகப் பிரியும் உயிரணுக்களுக்கு அது மிகுதியாகத் தேவைப்படும். புற்றுநோய் உயிரணுக்களும் அத்தகையவையே.

சத்து தந்த எச்சரிக்கை

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் அவதியுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, மாறாக விரைவாகப் பெருகுவதைக் கண்டார். இதிலிருந்து எதிர்த்திசையில் ஒரு சிந்தனை பிறந்தது. ஃபோலிக் அமிலத்தைப் போன்ற தோற்றமும், அதன் வேலையைச் செய்யாத தன்மையும் கொண்ட ஒரு பொருளைக் கொடுத்தால் புற்றுநோய் உயிரணு ஏமாந்து பட்டினியால் மடியும் அல்லவா?

அத்தகைய பொருள்களைத் தயாரித்து ஃபார்பருக்கு அனுப்பியது சுப்பாராவின் ஆய்வகம். அவற்றுள் அமினோப்டெரின் என்பது குறிப்பிடத்தக்கது. 1947-இன் இறுதியில் அதனைக் கொடுக்கத் தொடங்கினர். சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்ததாக 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். இரத்தப் புற்றுநோய் மருந்தினால் பின்வாங்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் கண்ட முதல் தருணங்களுள் அது ஒன்று. எனினும் அத்தணிவு தற்காலிகமானது. சில மாதங்களில் நோய் திரும்பியது. இச்செய்தியை மறைக்காமல் கூறுவது அவசியம், ஏனெனில் இன்றைய சிகிச்சைகளிலும் இந்நிலை உண்டு.

அதே காலத்தில் சுப்பாராவின் ஆய்வகம், யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களுக்கு எதிரான டைஎத்தில்கார்பமசைன் என்னும் மருந்தையும் அளித்தது. நம் மாநிலத்தில் யானைக்கால் தடுப்பு மாத்திரை என்று வீடு வீடாக வழங்கப்பட்டது இம்மருந்தே.

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், 1956-இல் கருப்பை சார்ந்த ஒரு புற்றுநோயை முற்றிலும் குணப்படுத்தியதை அவர் காணவில்லை. நூற்றாண்டை முன்னிட்டு 1995-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

அவரது பணி நுரையீரல் புற்றுநோயை எட்டியது எவ்வாறு?

சுப்பாராவ் நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து கண்டவர் அல்லர். ஆயினும் இன்று நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகைக்கு வழங்கப்படும் பெமெட்ரெக்செட் என்னும் ஊசி மருந்து, அவர் தொடங்கிய ஃபோலேட் எதிர்ப்பு மருந்துகளின் வரிசையில் வந்ததாகும். 2004-ஆம் ஆண்டு முதல் அது பயன்பாட்டில் உள்ளது. செதிள் உயிரணு வகை அல்லாத, சிறு உயிரணு வகையும் அல்லாத நுரையீரல் புற்றுநோய்க்கே அது ஏற்றது.

இம்மருந்தைப் பெறும் நோயாளிகளுக்கு ஒரு வியப்பு ஏற்படுவதுண்டு. ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் ஊசியைத் தருகின்ற மருத்துவரே, ஃபோலிக் அமில மாத்திரையையும் தினமும் உட்கொள்ளச் சொல்கிறார். இது பிழையன்று. இயல்பான உயிரணுக்களைக் காக்கும் பொருட்டு, சிறிய அளவில் ஃபோலிக் அமிலமும், வைட்டமின் பி12 ஊசியும் முதல் தவணைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே தொடங்கப்படுகின்றன. இவற்றைத் தவிர்த்தால் இரத்த அணுக்கள் கடுமையாகக் குறையவும், வாய்ப்புண் தோன்றவும் வாய்ப்புண்டு. ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சத்து மாத்திரைதானே என்று கருதிக் கூட்டவும் வேண்டாம்.

இலக்குசார் சிகிச்சை என்றால் என்ன?

ஃபோலேட் எதிர்ப்பு மருந்துகள் வேகமாகப் பிரியும் எல்லா உயிரணுக்களையும் தாக்கும். அதனால் அவை வேதிச்சிகிச்சை, அதாவது கீமோதெரபி என்ற வகையில் சேரும். இலக்குசார் மருந்து மேலும் ஒரு படி செல்கிறது. புற்றுநோய் உயிரணுவில் மட்டும் ஏற்பட்ட மரபணு மாற்றத்தினால் தோன்றிய ஒரு புரதத்தை அது தேர்ந்து தடுக்கிறது.

இதிலும் பாஸ்டனுக்குத் தொடர்பு உண்டு. ஜெஃபிட்டினிப் என்னும் மாத்திரை 2003-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது, அது சிலருக்கு மட்டும் வியக்கத்தக்க பயன் தருவதன் காரணம் விளங்கவில்லை. 2004-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆய்வுக் குழுக்கள் அதற்கு விடை கண்டன. பயன்பெற்றோரின் கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவில் மாற்றம் இருந்தது. அக்குழுக்களுள் ஒன்று பணியாற்றிய நிறுவனம், சிட்னி ஃபார்பரின் பெயரைத் தாங்கியது.

இத்தகைய மாற்றம் ஆசிய மக்களிடமும், புகைபிடிக்காதவர்களிடமும் அதிகமாகக் காணப்படுகிறது. ஏ.எல்.கே., ஆர்.ஓ.எஸ்.1 முதலிய மரபணுக்களின் மாற்றங்களுக்கும் மருந்துகள் உள்ளன. எந்த மாற்றம் உள்ளது என்பதை அறியவே மருத்துவர் மரபணுப் பரிசோதனையைக் கேட்கிறார். உரிய மாற்றம் இல்லாதவருக்கு அம்மாத்திரை தக்க பயன் தராது. அவருக்கு வேறு சிகிச்சை உண்டு. ஆகவே அண்டை வீட்டார் ஒருவர் மாத்திரையால் நலம் பெற்றார் என்பதற்காக அதே மாத்திரையை வேண்டுவது பொருந்தாது.

இம்மருந்துகளால் தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, நகச்சுற்றில் புண் ஆகியவை ஏற்படக்கூடும். பெரும்பாலானோருக்கு ஒரு கட்டத்தில் புற்றுநோய் உயிரணு புதிய மாற்றம் பெற்று மருந்தை எதிர்க்கத் தொடங்கும். அப்போது மறுபரிசோதனை செய்து மருந்தை மாற்றுவர். இது நோயாளியின் தவறோ, பராமரிப்பாளரின் குறையோ அன்று.

மரபணு சிகிச்சை என்றால் என்ன?

மரபணு சிகிச்சை, மரபணுவைத் தடுக்கும் மருந்து அன்று. உயிரணுவினுள் ஒரு மரபணுவையே கொண்டு சேர்ப்பது அல்லது திருத்துவது ஆகும். தீங்கு நீக்கப்பட்ட நச்சுயிரி ஒன்றை அதற்கு ஊர்தியாகப் பயன்படுத்துவர். நுரையீரல் புற்றுநோயில் பெரும்பாலும் பழுதடையும் பி53 என்னும் மரபணுவின் நல்ல படியைக் கட்டிக்குள் செலுத்தும் சோதனையின் முடிவுகள் 1996-இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தன. ஊசி செலுத்தப்பட்ட இடத்தில் சில கட்டிகள் சுருங்கின. ஆனால் உடலெங்கும் பரவிய ஒவ்வொரு புற்றுநோய் உயிரணுவிற்கும் மரபணுவைக் கொண்டு சேர்ப்பது கடினம். ஆகவே நுரையீரல் புற்றுநோய்க்கு மரபணு சிகிச்சை வழக்கமான மருத்துவமாகாமல், ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

பிற நோய்களில் நம் நாடு முன்னேறியுள்ளது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய, மரபணு மாற்றப்பட்ட நோயெதிர்ப்பு உயிரணு சிகிச்சை 2023-இல் ஒப்புதல் பெற்றது; அது சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கு உரியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இரத்தம் உறையாமை நோயுள்ள ஐவருக்கு அளித்த மரபணு சிகிச்சையின் முடிவுகளை 2024-இல் வெளியிட்டது. இவற்றை நுரையீரல் புற்றுநோய்க்கான சிகிச்சையாகக் கருத வேண்டாம்.

எவரேனும் நுரையீரல் புற்றுநோய்க்கு மரபணு சிகிச்சை தருவதாகக் கூறிப் பணம் கேட்பாராயின், அது பதிவு செய்யப்பட்ட ஆராய்ச்சியா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். அதற்கு விடையில்லையெனில் விலகிவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருப்பின் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதிகளிலுள்ள அரசு மருத்துவமனைகளில் ஒன்றை அணுகுங்கள். காசநோய்க்கும் இவையே அறிகுறிகள். காசநோய் மருந்து உட்கொண்டும் குணம் தெரியவில்லையெனில் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

• திசுப் பரிசோதனை அறிக்கையில் புற்றுநோயின் வகை குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா, அதன் முடிவு எப்போது வரும், அதுவரை சிகிச்சை என்ன என்று கேளுங்கள்.

• அறிக்கைகள், ஊடுகதிர்ப் படங்கள், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை நாள் வரிசைப்படி ஒரே உறையில் வைத்திருங்கள்.

• பெமெட்ரெக்செட் பெறுவோர் வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ள வேண்டாம். சில வகை மாத்திரைகள், சிறப்பாகச் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களிடம், மருந்தை உடலில் தேங்கச் செய்யும்.

• கீமோதெரபிக் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவை எட்டினால், விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• வீட்டில் வேறொருவர் மூட்டுவாதத்திற்காக மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவராயின், அது பொதுவாக வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து என்பதை நினைவில் கொள்ளுங்கள். தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை மாத்திரை உறையின் மேல் எழுதி வையுங்கள்.

• நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் கடிந்துகொள்வார் என்று அஞ்ச வேண்டாம்.

• முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவை அடங்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறியுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

நினைவில் கொள்ள

சுப்பாராவ் தம் சகோதரர்களுக்குத் தேவைப்பட்ட மருந்தை உரிய காலத்தில் பெற முடியவில்லை. அது அப்போது உலகில் இல்லை. இன்று உங்கள் நிலை வேறு. உங்கள் நோயின் வகைக்கு ஏற்ற மருந்து ஏற்கெனவே இருக்கக்கூடும். அது எது என்பதை அறிய ஒரு திசுத் துண்டும், ஒரு பரிசோதனையும், சில நாள் பொறுமையும் வேண்டும். முடிவு உங்களுக்குச் சாதகமாக அமையாவிடினும், வலியைத் தணித்து மூச்சுத்திணறலைக் குறைக்கும் சிகிச்சை உங்களுக்கு உண்டு. அதனைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

இப்பக்கத்தின் தகவல்கள் பொது விழிப்புணர்விற்காக மட்டுமே. சிகிச்சை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவருடன் கலந்து பேசியே எடுக்கவும்.